எண்ணெய்த் தொட்டி பழுதுபார்ப்பு: கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது

தரைமேல் எண்ணெய்ச் சேமிப்புத் தொட்டியில் பழுதுபார்த்த வெல்டிங் இணைப்புகளைக் கண்ணால் பார்த்துக் கசிவில்லை என்று உறுதிசெய்தால் போதும், மற்ற சோதனைகள் புதிய தொட்டிகளுக்கு மட்டுமே என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் பரவுகிறது. இது தவறு.

புதிய தொட்டிகளைக் கட்டுவதற்கு அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் (ஏபிஐ) ஏபிஐ 650 என்ற தரநிலை இருப்பதுபோல, பயன்பாட்டிலுள்ள தொட்டிகளின் ஆய்வுக்கும் பழுதுபார்ப்புக்கும் ஏபிஐ 653 உள்ளது; அதன் 12ஆம் பிரிவு, எந்த இணைப்புக்கு எந்தச் சோதனை என்பதைத் தெளிவாக வகுத்துரைக்கிறது. சுவர்த் தகட்டை வெட்டி மாற்றும்போது தகட்டு விளிம்புகளை நேருக்குநேர் சேர்க்கும் முட்டு இணைப்புகளுக்கு, உள்ளிருக்கும் குறைகளைக் கதிர்வீச்சால் படமெடுக்கும் ரேடியோகிராபி தேவைப்படுகிறது. மேலே ஒட்டிப் பற்றவைக்கும் தகடுகளின் ஓர இணைப்புகளுக்கு, மேற்பரப்பு விரிசல்களைக் காட்டும் காந்தத்துகள் சோதனையோ சாய ஊடுருவல் சோதனையோ வேண்டும். அடித்தட்டு இணைப்புகளை, காற்றை உறிஞ்சிக் கசிவைக் காட்டும் வேக்குவம் பாக்ஸ் என்ற பெட்டி கொண்டோ, கசியும் இடத்தைக் கருவியால் கண்டறிய உதவும் தடங்காட்டி வாயு கொண்டோ சோதிக்க வேண்டும். பெரிய பழுதுபார்ப்பு என்றால், தரநிலை விலக்களிக்காத வரை, நீர் நிரப்பி 24 மணி நேரம் வைத்திருக்கும் சோதனையும் சேரும்.

கசிவின்மை வலிமைக்குச் சான்றாகாது. 1988 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பழைய தகடுகளைக் கொண்டு மீண்டும் நிறுவப்பட்டு, முழு உயர நீர்ச் சோதனை செய்யப்படாத தொட்டி ஒன்று, இணைப்பருகே தகட்டிலிருந்த குறையிலிருந்து பிளந்து, டீசல் மொனோங்கஹீலா ஆற்றில் கலந்தது. உள்ளே இறங்கி வேலை செய்பவர்களின் உயிரும் இதில் அடங்கியிருப்பதால், அந்தத் தகவலை யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அதே குழுவில் இத்திருத்தத்தையும் பகிருங்கள்.