விடிய அஞ்சு மணி வாகனம்

போன நவம்பர் 11, கனடாவில் இருக்கிற மச்சான் சட்டையில் பொப்பிப் பூக் குத்திய படம் போட்டு "படைவீரர்களுக்கு நன்றி" என்று எழுதியிருந்தான். அவன் இருக்கிற நாட்டில் அது வழமை. நானும் ஒரு லைக் போட்டேன். பிறகுதான் யோசிச்சேன், இதே வசனத்தைக் கிளிநொச்சிச் சந்தையில் நின்று சொன்னால் பக்கத்தில் மரக்கறி வாங்கிற ஆள் திரும்பிப் பார்த்து "ஆருக்கு?" என்றுதான் கேட்பார்.

2009 இல் சண்டை முடிந்த மே 18 இல், செத்த சனத்தை நினைச்சு நாங்கள் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிறோம். அதே கிழமை தெற்கில் படையினருக்கு விழா எடுக்கிறார்கள். துவக்கோடு நின்ற ஆருக்கு நன்றி, ஆருக்கு இல்லை என்ற வழக்கை நான் இங்கே எடுக்கப் போவதில்லை. என் வீட்டிலேயே அது தீராத வழக்கு. விருப்பத்தோடு போனவரும் உண்டு, பிடிச்சுக்கொண்டு போகப்பட்ட பிள்ளையும் உண்டு.

நான் சொல்ல வந்தது எங்கட ஒழுங்கையில் விடிய அஞ்சு மணிக்கு வந்து நிற்கிற வாகனத்தைப் பற்றி. அதில் ஏறிப் போகிற அக்கா ஒருவர், முன்வீட்டுக்காரி. மிதிவெடி எடுக்கிற வேலை. முகமாலைப் பக்கம்.

தெரியாதவர்களுக்காக: 2000 இல் ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்த பிறகு கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று போன முன்னரங்கு 2008 கடைசி வரை அநேகமாக அசையாமல் நின்றது. எட்டு வருசம் இரண்டு பக்கமும் வெடியை விதைச்சார்கள். இராணுவம் போட்டது பாகிஸ்தானில் செய்த பிளாஸ்டிக் மிதிவெடி பி4, புலிகள் போட்டது மரப்பெட்டியில் செய்த ஜொனி. பி4 இல் இரும்பு மிகக் குறைவு, உலோகம் தேடுகிற கருவி லேசில் கத்தாது. ஆகவே கையால் மண்ணை வறுகித்தான் தேட வேண்டும்.

அக்கா ஒருநாள் எங்கட முற்றத்தில் குந்தியிருந்து செய்து காட்டினா. சின்ன வறுகி ஒன்றைப் பிடிக்கிற மாதிரி விரல்களை வளைச்சு, மண்ணைத் தன் பக்கம் மெல்ல இழுத்தா. "கொத்தக்கூடாது தம்பி. மேலால அமத்தவும் கூடாது. பக்கத்தால சுரண்டிக்கொண்டு வாறது." முகத்துக்கு முன்னால் கண்ணாடி மறைப்பு, நெஞ்சுக்குப் பாரமான அங்கி, பங்குனி வெயில். நாள் முழுக்க முழங்காலில் நின்றாலும் சில இடத்தில் முன்னேறுகிறது கொஞ்சத் தூரம்தானாம். அவவின் முழங்கால் இரண்டும் கறுத்துக் காய்ச்சுப்போய் இருக்கு.

அக்கா 2009 இற்கு முதல் என்ன செய்தவ என்று நான் கேட்டதில்லை. இந்த வேலைக்குப் போகிறவர்களில் முன்னாள் போராளிகளும் இருக்கினம், புருசனைப் பறிகொடுத்த பெண்களும் இருக்கினம். வன்னியில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுகிறதும் ஒரு மரியாதை.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேணும், கொமென்ற்றில் சண்டைக்கு வாறவை வரட்டும். இலங்கை இராணுவத்தின் பொறியியல் பிரிவும் இந்த மண்ணில் வெடி எடுத்தது. இந்தியாவில் இருந்து ஓய்வுபெற்ற படையினரைக் கொண்ட நிறுவனங்களும் வந்து எடுத்தன. 87 இல் இந்திய ஆமி வந்ததை இன்றைக்கும் பல்லைக் கடிச்சுக்கொண்டு சொல்கிற அப்பா, அதே நாட்டின் பழைய ஆமிக்காரர் வெயிலில் குந்தியிருந்து மண் வறுகினதைக் கேட்டுவிட்டு, "அது வேற, இது வேற" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் எடுக்க ஏலாது.

எனக்கு நன்றி என்று ஒன்று இருந்தால் அது இவர்களுக்குத்தான். போட்டவன் ஆராக இருந்தாலும், திரும்பிப் போய் அதை எடுக்கிறவருக்கு.

ஆனால் வாயால் சொல்கிற நன்றியில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மிதிவெடியைத் தடை செய்கிற ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க இருக்கிற தவணை 2028 ஜூன். முடிந்தால் எங்களுக்குச் சந்தோசம், அக்காவுக்கு வேலை போச்சு. வெளிநாட்டுக் காசில் நடக்கிற வேலை. அங்கே ஆட்சி மாறினாலே இங்கே சம்பளம் ஆடும். அரச படையில் இருந்து இளைப்பாறினால் ஓய்வூதியம் உண்டு. இவவுக்கு என்ன? எங்கட அரசியல்வாதிகள் மேடையில் மண், மண் என்று கத்துகிறார்கள். அந்த மண்ணைக் கையால் தடவிப் பார்த்துத் தந்தவர்கள் 2028 இற்குப் பிறகு என்ன செய்வார்கள் என்று ஒருத்தர் பேசி நான் கேட்கவில்லை.

எங்கட தென்னங்காணித் துண்டு பள்ளைக்கு அங்கால. விடுபட்டுக் கைக்கு வர, சண்டை முடிந்து பத்து வருசத்துக்கு மேல் ஆனது. தலை போன மரங்களைத் தறிச்சு வைத்த கன்றுகள் இப்போது காய்க்குது. போன மாசம் அக்காவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனோம். அப்பா நன்றி கின்றி ஒன்றும் சொல்லவில்லை. வேலியோரம் நின்று கேட்டார்:

"பிள்ளை, சம்பளம் ஒழுங்கா வருதோ?"

"இந்த மாசம் வந்திட்டுது ஐயா. ரெண்டு இளநி வெட்டித் தாங்கோ, பெடியளுக்கு விடாயா இருக்கு."