வேல்ஸ் தேசத்துக்காகவும் ஜெபியுங்கள்

நம் சபைகளில் எழுப்புதலைப் பற்றி, அதாவது ஜனங்கள் கூட்டங்கூட்டமாக மனந்திரும்பும் காலத்தைப் பற்றி, பேசத் தொடங்கினால் 1904-ம் வருடத்து வேல்ஸ் வராமல் போகாது. சிறு வயதிலேயே சுரங்கத்துக்கு வேலைக்குப் போன இவான் ராபர்ட்ஸ், 26 வயதில் தேசத்தையே முழங்காலில் நிற்கவைத்த கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் பிரசங்கம் 1905-உடன் நின்றுவிடும். அதற்கு அப்புறம் அந்தத் தேசம் என்ன ஆனது என்று யாரும் சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் "வேல்ஸில் செய்ததை இங்கேயும் செய்யும் ஆண்டவரே" என்று மட்டும் கேட்பது சரியில்லை என்று எனக்குப் பலமாகத் தோன்றுகிறது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

வேல்ஸ் சிறிய நாடு. இன்றும் ஜனத்தொகை 31 லட்சத்துக்குச் சற்று அதிகம்தான். பக்கத்தில் இங்கிலாந்து என்ற பெரிய வல்லரசு இருந்தும் அந்த ஜனங்கள் தங்கள் மொழியோடும் முகத்தோடும் நிலைத்ததற்கு வேதாகமம் ஒரு முக்கியக் காரணம். 1588-ல் வில்லியம் மோர்கன் முழு வேதாகமத்தையும் வேல்ஸ் மொழியில் கொண்டுவந்தார். 18-ம் நூற்றாண்டில் கிரிஃபித் ஜோன்ஸ் ஊர் ஊராக நகரும் பள்ளிகளை நடத்தி, ஏழை விவசாயிகளுக்கு அதை வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். ஞாயிறு பள்ளியில் மேரி ஜோன்ஸ் கதை கேட்டிருப்பீர்களே, பைபிள் வாங்கக் காசு சேர்த்து மலைப்பாதையில் பாலா ஊருக்கு நடந்து போன சிறுமி! அவள் வேல்ஸ் பிள்ளைதான். அவளுக்குப் பைபிள் கொடுத்த தாமஸ் சார்லஸ், 1804-ல் லண்டனில் வேதாகமச் சங்கம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். அந்த வழியில் வந்ததுதான் இன்று நமக்குத் தமிழ் பைபிள் அச்சிட்டுத் தரும் சங்கமும்.

பிறகு நிலக்கரி வந்தது. தெற்கு வேல்ஸின் பள்ளத்தாக்குகளில் ஊர்கள் முளைத்தன, ஊருக்கு ஊர் சிற்றாலயங்கள் எழுந்தன. உலகத்தின் கப்பல்கள் வேல்ஸ் கரியில் ஓடின. 1913-ல் மட்டும் அங்கே வெட்டியெடுத்தது சுமார் 5.7 கோடி டன்.

இந்த உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த காலத்தில்தான் எழுப்புதல் வந்தது. 1904 செப்டம்பரில் ஒரு கூட்டத்தில் சேத் ஜோஷுவா என்ற ஊழியர் "எங்களை வளையும் ஆண்டவரே" என்று ஜெபித்தார். அங்கே இருந்த இவான் ராபர்ட்ஸ் "என்னை வளையும்" என்று கதறினார். அக்டோபர் கடைசியில் தன் சொந்த ஊரான லக்கரில், ஜெபக் கூட்டம் முடிந்த பிறகும் தங்கியிருந்த சில வாலிபரோடு தொடங்கினார். அவர் சொன்னது சுலபமானதல்ல: தெரிந்த பாவத்தை அறிக்கையிடு, சந்தேகமானதை விட்டுவிடு, ஆவியானவருக்கு உடனே கீழ்ப்படி, கிறிஸ்துவை எல்லார் முன்பாகவும் அறிக்கையிடு. சில மாதங்களுக்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மனந்திரும்பியதாகச் சொல்வார்கள். மதுக்கடைகள் காற்று வாங்கின, பழைய கடன்கள் வீடு தேடி வந்தன. வழக்கே இல்லாததால் நீதிபதிகளுக்கு வெள்ளைக் கையுறை கொடுத்து அனுப்பிய இடங்களும் உண்டு.

அந்த நெருப்பு நம் பக்கமும் வந்தது. வேல்ஸ் மிஷனரிகள் 1841 முதல் ஊழியம் செய்த, இன்றைய மேகாலயாவின் காசி மலைகளில் 1905-ல் எழுப்புதல். அதே வருடம் ஜூனில் மகாராஷ்டிராவில் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில். அக்டோபரில் ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் தோனாவூரில். அடுத்த வருடம் மிசோ மலைகளில். ஆக, திருநெல்வேலிச் சீமைக்காரர்களான நாம் வேல்ஸுக்குக் கடன்பட்டவர்கள்.

இனி, நாம் சொல்லாமல் விடும் பகுதி. இவான் ராபர்ட்ஸ் 1906-க்குள் உடலும் மனமும் ஓய்ந்து பொது ஊழியத்திலிருந்து ஒதுங்கிவிட்டார். 1913 அக்டோபரில் செங்கெனித் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர்கள் இறந்தார்கள். பாதுகாப்பு விதிகளை மீறியதற்காக மேலாளருக்கு விதித்த அபராதம் 24 பவுண்டு. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே வேலையில்லாமல் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேல்ஸை விட்டுப் போனார்கள். 1966 அக்டோபரில் அபெர்வான் ஊரில் சுரங்கக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். அவர்களுடைய உடல்களைக் கிடத்தியது பெத்தானியா சிற்றாலயத்தில். மிச்சக் கழிவு மலைகளை அகற்றும் செலவுக்கு, துக்கத்தில் இருந்த அந்த ஜனங்களுக்காக உலகம் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டை அரசு வாங்கிக்கொண்டது. அந்தப் பணம் திரும்பி வர 1997 ஆயிற்று. அதுவும் வட்டியில்லாமல். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

கடைசி ஆழ்சுரங்கம் 2008-ல் மூடப்பட்டது. சிற்றாலயங்கள் பல வீடுகளாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன. 2001 கணக்கெடுப்பில் 71.9 சதவீதம் பேர் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றார்கள். 2021-ல் 43.6 சதவீதம். எந்த மதமும் இல்லை என்றவர்கள் 46.5 சதவீதம், அதாவது கிறிஸ்தவர்களைவிட அதிகம்.

எழுப்புதல் பொய்யா? இல்லை. குடியை விட்ட தகப்பனுடைய வீட்டில் அந்த வருடம் அடுப்பு எரிந்தது, அது தேவனுடைய கிரியை. ஆனால் என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். கூலிக்காரன் தன் கடனை அடைத்தான், அவன் உயிரை மலிவாக எண்ணிய முதலாளிகளிடம் அந்த அளவு மனந்திரும்புதல் வரவில்லை. தொழிற்சங்கத் தலைவர்களில் பலர் சிற்றாலயங்களில் வளர்ந்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனாலும் ஜெபக் கூட்டம் ஒரு பக்கம், நியாயத்துக்கான போராட்டம் இன்னொரு பக்கம் என்று மெல்லப் பிரிந்துபோனது. அடுத்த தலைமுறை வாலிபர் போராட்டத்தின் பக்கம் போனபோது சபையைத் தேவையில்லாததாகப் பார்த்தார்கள்.

எருசலேமின் மதிலைத் திரும்பக் கட்டிய நெகேமியாவின் புத்தகத்தை நாம் பாதியிலேயே நிறுத்திவிடுகிறோம். முதல் அதிகாரத்தில் அவர் அழுது, உபவாசித்து, தானும் தன் தகப்பன் வீட்டாரும் பாவஞ்செய்ததாக அறிக்கையிடுகிறார். தேசத்துக்கான ஜெபம் என்றால் அந்த அதிகாரத்தை எடுத்துக்கொள்கிறோம், நல்லது. ஐந்தாம் அதிகாரம்? அங்கே அலங்கம் கட்டுகிற ஏழைகள், நிலத்தை அடகு வைத்துப் பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுக்க நேர்ந்ததாகக் கூக்குரலிடுகிறார்கள். நெகேமியா கோபப்பட்டு, வட்டி வாங்கிய பெரியவர்களை நேருக்கு நேர் கண்டித்து, நிலங்களையும் வீடுகளையும் திருப்பிக் கொடுக்கவைக்கிறார். ஜெபித்த அதே மனிதர்தான். முதல் அதிகாரத்தோடு நின்றுவிடுகிற எழுப்புதல் ஒரு தலைமுறையைத் தாண்டாது என்றே நான் நம்புகிறேன், நம் ஊர் எழுப்புதல்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது மிசோரம் சபையிலிருந்து வேல்ஸுக்கு ஊழியர்கள் போகிறார்கள். தங்களுக்குச் சுவிசேஷம் கொண்டுவந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதைத் திரும்பச் சொல்லப் போகிறார்கள்! உங்கள் சபையின் அடுத்த உபவாச ஜெபத்தில் இந்தியாவுக்காக ஜெபித்த பிறகு, வேல்ஸுக்காகவும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊழியர்களுக்காக, சில முதியவர்களோடு மட்டும் இன்னும் கதவு திறந்திருக்கும் சிற்றாலயங்களுக்காக, வேலையும் நம்பிக்கையும் இல்லாத பள்ளத்தாக்கு வாலிபருக்காக ஜெபியுங்கள். பழைய கரிப் பணமும் பழைய பெருமையும் திரும்பட்டும் என்று கேட்க வேண்டாம். அந்த ஜனங்களை ஆளுகிறவர்கள் நீதி செய்யும்படியும், சபை அவர்களிடம் அதைப் பயப்படாமல் கேட்கும்படியும் கேளுங்கள். ஜெபிக்கிறவர்கள் கீழே பெயரைப் போடுங்கள், நானும் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன்.