கொடுத்தவர் என்றால் கேள்வியே கேட்கக் கூடாதா?

இங்கிலாந்தில் போராட்டக்காரர்கள் ஒரு பழைய சிலையைப் பீடத்திலிருந்து இழுத்துத் தள்ளியதை ஆதரித்து நேற்று எழுதினேன்; பின்னூட்டங்களில் ஒரே சண்டை. ‘ஊருக்கே அள்ளிக் கொடுத்த வள்ளலைக் கடலில் தள்ளிய கும்பலுக்கு வக்காலத்தா?’ என்று என்னைக் கேட்டிருக்கிறார் நண்பர். கடலில் இல்லை ஐயா, பிரிஸ்டல் துறைமுகத்தில். தள்ளியதும் எட்வர்ட் கோல்ஸ்டன் என்ற அந்த வணிகரை இல்லை, அவருடைய வெண்கலச் சிலையை. அவர் 1721-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கோல்ஸ்டன் கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்கும் முதியோர் விடுதிக்கும் கொடுத்தார். யார் இல்லை என்றது? எதிலிருந்து கொடுத்தார் என்றுதான் கேட்கிறேன். 1680 முதல் 1692 வரை, அடிமை வியாபாரம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் இருந்தார், துணை ஆளுநர் பதவி உட்பட. அந்த ஆண்டுகளில் அந்தக் கம்பெனியின் கப்பல்களில் ஏற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஏறத்தாழ 84,000 பேர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. அதில் சுமார் 19,000 பேர் கரை சேரவே இல்லை. துணி வியாபாரமும் செய்தாராம். சரி, செய்தார்.

‘அந்தக் காலத்தில் அது தப்பில்லை’ என்கிறீர்கள். கப்பலின் அடித்தட்டில் சங்கிலியோடு கிடந்தவர்களுக்கும் அதே காலம்தானே? அதையும் விடுங்கள். சிலை வைத்தது 1895-ல். பிரிட்டன் அடிமை வியாபாரத்தை 1807-லேயே தடை செய்துவிட்டது. ஆக, தப்பு என்று நன்றாகத் தெரிந்த பிறகுதான் பீடம் கட்டினார்கள். ‘பிரிஸ்டல் குடிமக்கள் நிறுவியது’ என்று பொறித்தார்கள். அந்தக் குடிமக்களிடம் வசூலித்த பணமோ போதவில்லை! நற்குணமும் ஞானமும் மிக்க புதல்வர் என்று எழுத இடம் இருந்தது, அடிமை என்ற ஒரு சொல்லுக்கு இடமில்லை.

பேசித் தீர்த்திருக்கலாமே என்றால், பேசினார்கள். உண்மையைச் சொல்லும் இன்னொரு பலகை வைக்கலாம் என்று வாசகத்தைத் திருத்தித் திருத்தி, கடைசிவரை வைக்கவே இல்லை. அப்புறம்தான் 2020 ஜூன் 7-ல் சிலையை இழுத்துத் தள்ளினார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது? நானும் ஒரு பணக்காரரின் அறக்கட்டளை உதவித்தொகையில் படித்தவன். மேடையில் என் உயரத்துக்கு ஓர் அட்டைக் காசோலை. ஒரு முனையை அவர் பிடித்தார், மறு முனையை நான். படம் சரியாக விழவில்லை என்று திரும்ப நிற்கச் சொன்னார்கள். ‘தம்பி, கொஞ்சம் சந்தோஷமா நில்லு’ என்றார் புகைப்படக்காரர். நின்றேன். அந்தப் பணம் இல்லாவிட்டால் படித்திருக்க மாட்டேன், அதுவும் உண்மைதான். அதற்காக, வாங்கியவன் ஆயுள் முழுக்க அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டுமா?

வரலாற்றை அழிக்கிறோமாம்! சிலையைத் தண்ணீரிலிருந்து எடுத்து, மேலே தெளித்த சாயம் அப்படியே இருக்க, அருங்காட்சியகத்தில் படுக்க வைத்திருந்தார்கள். பீடத்தில் நின்ற வரைக்கும் கோல்ஸ்டன் யார் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

‘நீ யாருக்கு என்ன கொடுத்தாய்?’ என்று கடைசியாக ஒரு பின்னூட்டம். அதுதான் தூங்க விடவில்லை. ஒன்றும் பெரிதாகக் கொடுக்கவில்லை ஐயா. கொடுத்தவன்தான் பேசலாம் என்றால், வாங்கியவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அந்தப் பின்னூட்டத்தை எழுதியவரும் என்னைப்போல உதவித்தொகையில் படித்தவர். அவரிடம் இதை எதிர்பார்க்கவில்லை.