அந்தச் சிரிப்புக்குப் பதில்

ஞாயிற்றுக்கிழமை இசைக் கூட்டத்தில் நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. ஈரானியப் பாடகி பரஸ்தூ அஹ்மதி முக்காடில்லாமல் பாடிய காணொளி முடிந்ததும் "முக்காட்டை எடுத்துவிட்டுப் பாடினால் உலகமே பார்க்கும், நல்ல விளம்பரம்" என்றார் ஒருவர். அரங்கு சிரித்தது. அப்போதே எழுந்து பேசியிருக்க வேண்டும். தொண்டை அடைத்துக்கொண்டது.

அது விளம்பரம் அல்ல. ஆண்கள் இருக்கும் அவையில் பெண் தனியாகப் பாட ஈரானில் அனுமதி கிடையாது. குழுவோடு சேர்ந்து பாடலாம், பெண்கள் மட்டும் உள்ள அரங்கில் பாடலாம், அவ்வளவுதான். அதனால்தான் 2024 டிசம்பரில், பழைய சத்திரம் ஒன்றின் முற்றத்தில், எதிரே ஓர் ஆள்கூட இல்லாமல் அவர் பாடினார். யூடியூபில் வெளியான சில நாட்களில் கைது செய்தார்கள், பிறகு விட்டார்கள். "விட்டுவிட்டார்களே" என்று சொல்ல வருகிறீர்களா? முக்காட்டுக் கட்டாயத்தை எதிர்த்து 2023இல் பாடிய மஹ்தி யர்ராஹிக்கு 2025 மார்ச்சில் 74 கசையடி கொடுத்தார்கள். ராப் பாடகர் தூமாஜ் சாலேஹிக்கு 2024 ஏப்ரலில் மரண தண்டனை விதித்தார்கள். இரண்டு மாதம் கழித்துத்தான் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விளம்பரத்துக்காக யாராவது கழுத்தை நீட்டுவார்களா?

நான் புனேயில் படித்தபோது விடுதியில் பக்கத்து அறையில் ஓர் ஈரானியப் பெண் இருந்தாள். பாடுவதற்கு முன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாள். இங்கே யார் உன்னைப் பிடிக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். சாத்தியதே தனக்குத் தெரியவில்லை என்றாள். அவளுடைய கேசட்டுகளின் மேல் ஆங்கிலப் பாடம் என்று எழுதியிருக்கும், உள்ளே பாட்டு. அவர்கள் ஊர்த் தொலைக்காட்சியில் பாட்டு வரும்போது வாத்தியத்தைக் காட்டமாட்டார்கள், பூவைக் காட்டுவார்கள் என்று அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. உண்மைதான். அனுமதி இல்லாத இசைக்கு அங்கே 'ஸீர்ஸமீனி' என்று பெயர். நம் ஜமீனும் அதே சொல்தான். நிலத்துக்குக் கீழே இருப்பது, நிலவறை. அவள் அண்ணன் கித்தார் பழகிய நிலவறையில், சத்தம் தெருவுக்குப் போகாமல் இருக்கச் சுவரெல்லாம் மெத்தை சாத்தியிருந்தார்களாம்.

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சட்டம் உண்டு என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. பாட்டுக்குக் கசையடி கொடுப்பது சட்டமாக இருந்தால் அந்தச் சட்டம்தான் குற்றம்.

"இது மேற்கத்தியர் ஊதிவிடும் கதை" என்றும் ஒருவர் எழுதுவார், தெரியும். கமர்-ஒல்-மொலூக் வஸீரி என்ற பாடகியின் பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? 1924இல் டெஹ்ரானின் கிராண்ட் ஹோட்டலில், ஆண்கள் நிறைந்த அவையில், முக்காடில்லாமல் பாடினார். நூறு ஆண்டு கழித்து அதே நாட்டில் இன்னொரு பெண் ஆளில்லாத முற்றத்தில் பாட வேண்டியிருக்கிறது. இதில் மேற்கு எங்கே வந்தது? மேற்கத்திய அரசுகள் இதை வைத்து அரசியல் செய்கின்றன என்பது உண்மை. அதற்காகப் பாடியவளையா சிரிப்பது?

விளம்பரம் என்று சொன்னவர் மீதுகூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. அவரை எனக்குத் தெரியாது. ஆனால் சிரித்தவர்களில் என் பாட்டு டீச்சரும் இருந்தார். கல்யாணமான புதிதில், பாட்டெல்லாம் இனி வீட்டோடு போதும் என்று புகுந்த வீட்டில் சொன்னபோது, அழைக்காமலே வந்து கூடத்தில் உட்கார்ந்து எனக்காக இரண்டு மணி நேரம் வாதாடியவர் அவர். அன்று அவர் வராமல் இருந்திருந்தால் நான் இன்று எந்த மேடையிலும் இல்லை. மூன்று நாட்களாக அவரைத் தொலைபேசியில் அழைக்க எண்ணி, அழைக்காமல் விட்டுவிடுகிறேன்.

டீச்சர், இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அந்தக் காணொளியை இன்னொரு முறை போடுங்கள். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு, குரலை மட்டும் கேளுங்கள்.