வயிறு சுருங்கிவிட்டது, பந்தி சுருங்கவில்லை

எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரைப் பார்த்ததும் நம் ஊரில் வருகிற முதல் கேள்வி, "எத்தனை கிலோ குறைந்தது?" இரண்டாவது, "எவ்வளவு செலவானது?" மூன்றாவது கேள்வி வராது. கேட்டவர் அதற்குள் தன் கொழுந்தனாரின் எடையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருப்பார். இப்போது என்ன சாப்பிடுகிறாய், உனக்கு யார் சமைக்கிறார்கள், வெளியே போனால் என்ன செய்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அறுவை முடிந்து மூன்றாவது ஆண்டு நடக்கிறது. என் பொழுதெல்லாம் யாரும் கேட்காத அந்தக் கேள்விகளோடுதான் போகிறது. அதனால் இந்த நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் செய்தது ஸ்லீவ் முறை. இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை எடுத்துவிட்டு மிச்சத்தை ஒரு குழாய்போல விட்டுவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரப்பது, எடுக்கப்படும் அந்தப் பகுதியில்தான். அதனால் முதல் சில மாதங்களுக்குப் பசி அநேகமாகத் தெரியாது. இதையெல்லாம் மருத்துவர்கள் காணொளிகளில் படம் போட்டு நன்றாகவே விளக்குகிறார்கள். அந்தக் குழாய் வயிற்றோடு வீடு திரும்பியவள் ஒரு தமிழ்க் குடும்பத்துச் சமையலறையில் எப்படிப் பிழைப்பது என்பதற்குத்தான் காணொளி இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. அறுவைக்குப் பிறகு நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பார்கள். போதாவிட்டால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். ஒரு இட்லியில் இருப்பது சுமார் 2 கிராம். இட்லியை மட்டும் நம்பினால் முப்பது இட்லி சாப்பிட வேண்டும். என் வயிற்றில் ஒன்றரை இட்லிக்கே இடம் போதாது. சாதமும் ரசமும் அப்பளமும் நமக்கு எவ்வளவு இனியவையோ, அந்த அளவுக்கு இந்தப் புதிய வயிற்றில் இடத்தை அடைத்துக்கொள்பவை. நம் தட்டில் சோறுதான் எஜமான். கூட்டும் சுண்டலும் மீனும் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக வந்த ஏவலாட்கள். அறுவைக்குப் பிறகு இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் முட்டை, மீன், பனீர், பயறு. பிறகு காய். இடம் மிச்சமிருந்தால் இரண்டு வாய் சோறு.

எனக்குக் கொடுத்த உணவு அட்டவணையில் இருந்தவை கிரேக்கத் தயிர், ப்ராக்கோலி, அவகாடோ, கினோவா. திருச்சியில் ஒரு நடுத்தர வர்க்கத்து வீட்டுக்காரிக்கு எழுதிக் கொடுத்தது இது. அந்த அச்சுத்தாளில் கொள்ளு இல்லை, தட்டைப்பயறு இல்லை, நெத்திலி இல்லை. தயிரைத் துணியில் கட்டி இரவெல்லாம் தொங்கவிட்டால் கிரேக்கத் தயிர் ஏறக்குறைய அதுதான் என்று என்னிடம் சொன்னவர் உணவியல் நிபுணர் அல்லர். எனக்கு முன்பே அறுவை செய்துகொண்ட ஒரு ரயில்வே ஊழியர். அவர் சொல்லிக்கொடுத்தவற்றில்தான் இன்றுவரை என் சமையலறை ஓடுகிறது: தோசை மாவில் அரிசியைக் குறைத்து முழுப் பச்சைப்பயறாகப் போடுவது, சாம்பாரில் நீரைக் குறைத்துப் பருப்பைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிடுவது, மீன் குழம்பில் குழம்பை விட்டுவிட்டு மீனை மட்டும் எடுத்துக்கொள்வது.

சரி, இதை யார் சமைப்பது? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. ஆண்களில் பலருக்கு மனைவியோ அம்மாவோ தனிக் கிண்ணத்தில் மசித்து, வடிகட்டி, நேரம் பார்த்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள். பெண்களில் பெரும்பாலோர், மருத்துவமனையிலிருந்து வந்த சில நாட்களுக்குள் மற்றவர்களுக்கான முழுச் சமையலையும் முடித்துவிட்டுத் தங்கள் கஞ்சித் தண்ணீரைத் தேடியவர்கள். வெறும் திரவ உணவில் இருக்கும் நாட்களில் வெங்காயம் தாளிக்கும் வாசனையை மூக்கில் வாங்கிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எந்த ஆலோசனை அமர்விலும் பேசப்படுவதில்லை. கணவரை உடன் அழைத்து வரச் சொல்வார்கள்; கையெழுத்துக்காக. அவர் குறைந்தபட்சம் இரண்டு மாதம் சமையலறையில் நின்றாக வேண்டும் என்று அங்கேயே சொல்லியிருந்தால் எத்தனை வீடுகளில் வேலை எளிதாகியிருக்கும்!

எங்கள் வீட்டில் இன்னொரு சிக்கல், தண்ணீர். நாமெல்லாம் டம்ளரை உயர்த்தி அண்ணாந்து குடித்துப் பழகியவர்கள். அண்ணாந்தால் மடக்கு மடக்காக இறங்கும், கூடவே காற்றும் போகும். சுருங்கிய வயிறு இரண்டையும் தாங்காது. நெஞ்சுக்கு நடுவே ஒரு கல் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே உதட்டில் வைத்துச் சப்பிச் சப்பித்தான் குடிக்க வேண்டும். என் மாமியாருக்கோ எச்சில் டம்ளர் என்றால் ஆகாது. முதல் வாரம் நான் குடித்த டம்ளரைத் தனியே எடுத்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நடந்துகொண்டிருந்தார். பிறகு ஒருநாள் பரணிலிருந்து பிள்ளைகளுக்குப் பால் புகட்டிய பாலாடையை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து என் முன்னால் வைத்தார். "ஒரு வேளைக்கு இவ்வளவுதானே அம்மா இறங்குகிறது. இதில் குடி." மருத்துவமனையில் தந்த பிளாஸ்டிக் குப்பியும் ஏறக்குறைய அதே 30 மில்லிதான். அத்தைக்கு எச்சில் பிரச்சினை தீர்ந்தது, எனக்கு அளவுப் பிரச்சினை தீர்ந்தது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் கழித்துத்தான் என்ற விதியை மட்டும் அவர் இன்றுவரை ஏற்கவில்லை. "விக்கினால் என்ன செய்வாய்?" என்று ஒவ்வொரு வேளையும் கேட்கிறார்.

வீட்டைச் சமாளித்துவிடலாம். கல்யாணப் பந்தி இருக்கிறதே, அதுதான் உண்மையான பரீட்சை.

உட்கார்ந்ததும் இலையில் முதலில் விழுவது இனிப்பு. பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி, உணவை நேரே சிறுகுடலுக்குத் திருப்பிவிடும் இன்னொரு முறை; இதய பைபாஸ் அல்ல) செய்தவர்கள் வெறும் வயிற்றில் அதைச் சாப்பிட்டால் சிலருக்குக் கொஞ்ச நேரத்தில் வியர்த்து, படபடத்து, வயிறு கலங்கி, எழுந்து ஓட வேண்டி வரும். 'டம்பிங்' என்பார்கள். சர்க்கரை மளமளவென்று சிறுகுடலுக்குள் கொட்டுவதால் வருவது. ஸ்லீவ் செய்தவர்களுக்கு இது குறைவு என்றாலும் வராமல் இல்லை. அடுத்து, பரிமாறுபவர். நம் பந்தியில் "போதும்" என்று சொன்னால் "இன்னும் கொஞ்சம்" என்றுதான் காதில் விழும். இலைமேல் கையை விரித்து மறைத்தால் விரலிடுக்கில் சாம்பார் ஊற்றுகிறார்கள். ஒவ்வொரு வாயையும் இருபது முப்பது முறை மென்று, நிதானமாக விழுங்க வேண்டியவள் நான். இரண்டாவது வாய் உள்ளே போவதற்குள் அடுத்த பந்திக்காரர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். அவருடைய பார்வை என் பிடரியில் உறைக்கிறது. அவசரப்பட்டு ஒரு வாய் கூடுதலாக விழுங்கினால் முடிந்தது கதை: மூக்கில் நீர் வழியும், வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும், கை கழுவும் இடத்துக்கு ஓட வேண்டும். ஒரு கல்யாணத்தில் நான் அப்படி ஓடித் திரும்பி வந்தபோது, என் கணவரின் பெரியம்மா அவரைப் பார்த்து அர்த்தத்தோடு சிரித்தார். எனக்கு வயது நாற்பத்தாறு!

இலையை மூடும்போது இன்னொரு விசாரணை. பெண் வீட்டுப் பெரியவர் வந்து நின்று, "சாப்பாடு நன்றாக இல்லையா அம்மா?" என்று முகம் வாடக் கேட்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வந்தவரை வயிறு நிறைய அனுப்புவதுதான் மரியாதை என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிய கை அது. ஆனால் வற்புறுத்தல்தான் அன்பின் அளவு என்பதை நாம் எப்போதாவது கைவிட்டாக வேண்டும். சர்க்கரைக்காரருக்கு, சிறுநீரக நோயாளிக்கு, எங்களைப் போன்றவர்களுக்கு, அவ்வளவு ஏன், சும்மாவே குறைவாகச் சாப்பிடுபவருக்கும் "போதும்" என்றால் போதும்தான். நான் இப்போது குழந்தைகளுக்குப் போடும் சின்ன இலையைக் கேட்டு வாங்குகிறேன். கடைசிப் பந்தியில் உட்காருகிறேன். முதுகுக்குப் பின்னால் ஆள் இருக்காது.

உடம்பு மெலிந்தால் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரே காரணம்தான் தெரியும். "முகமெல்லாம் ஒட்டிப்போய்விட்டதே, சர்க்கரை வந்துவிட்டதா?" என்று பஸ் நிறுத்தத்தில் வைத்தே கேட்கிறார்கள். எனக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் சர்க்கரை இருந்தது, அறுவைக்குப் பிறகுதான் மாத்திரைகள் நின்றன என்று சொன்னால் நம்புவதில்லை. சர்க்கரை ஒரேயடியாகப் போய்விட்டது என்று நானும் சொல்ல மாட்டேன். அடங்கியிருக்கிறது, திரும்பி வரலாம், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை விடக் கூடாது. இரத்த அழுத்த மாத்திரையும் இப்படித்தான். எடை இறங்க இறங்க அளவைக் குறைக்காவிட்டால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் அதையே வாங்கிக்கொண்டிருக்கும் ஆட்களை எங்கள் குழுவில் பார்த்திருக்கிறேன். தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் வலி மாத்திரைகளிலும் கவனம் தேவை. குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு அவை வயிற்றுப் புண்ணை உண்டாக்கலாம்.

முடி கொட்டும். மூன்றாம் மாதவாக்கில் தொடங்கும், பெரும்பாலும் தானாக நிற்கும். பூ வைக்கப் பின்னல் இல்லையே என்று அழுத பெண்களை எனக்குத் தெரியும். நானும் ஒருத்தி.

ஆண்களிடம் ஒரு வார்த்தை. அறுவைக்குப் பிறகு மது முன்பைவிட வேகமாக இரத்தத்தில் ஏறும். பழைய அளவில் பாதியே பழைய போதையைத் தரலாம். பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் குடிப்பழக்கச் சிக்கல்கள் இரண்டாம் ஆண்டில் கூடியதை அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2012இல் காட்டியது. சோற்றில் கிடைத்துவந்த ஆறுதலை மனம் வேறொன்றில் தேடும் என்பது என் எண்ணம். சிலருக்கு அது மது, சிலருக்கு இணையத்தில் புடவை வாங்குவது. இதைப் பேச மருத்துவமனையில் மனநல ஆலோசகர் இருக்கிறார், அறுவைக்கு முன்பு ஒருமுறை. பின்பு?

"குறுக்கு வழிதானே" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சுவீடனில் 1987இல் தொடங்கி, அறுவை செய்துகொண்டவர்களும் செய்யாதவர்களுமாக நாலாயிரம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது என்று 2007இல் வெளியிட்டார்கள். உயிரோடு இருப்பது குறுக்கு வழியென்றால் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். அதற்காக ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சையின்போது உடல்நிலை மோசமாகி, பின்னர் இறந்தார். அந்த வாரம் எனக்கு வந்த அழைப்புகளுக்குக் கணக்கில்லை. என்னைத் தொலைபேசியில் திட்டியவர்கள், எங்கே செய்துகொள்ளலாம், தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, மயக்க மருந்து தருபவர் யார் என்பதைக் கேட்டிருந்தால் பயன் இருந்திருக்கும். இப்போது எடையைக் குறைக்கும் ஊசிகள் வந்துவிட்டன, "அவசரப்பட்டுவிட்டாயே" என்கிறார்கள். அவை நல்ல மருந்துகள்தான். ஆனால் நிறுத்தினால் இழந்த எடையில் பெரும்பகுதி திரும்புவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊசியானாலும் கத்தியானாலும் ஆயுள் முழுக்கக் கவனம் வேண்டும்.

அந்தக் கவனத்துக்குத்தான் யாரும் பணம் தருவதில்லை. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 40, அல்லது கடுமையான துணை நோய்களோடு 35 என்றால் அறுவைக்குக் காப்பீடு உண்டு. பிறகு வாழ்நாளெல்லாம் விழுங்க வேண்டிய பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனைகள், தொங்கும் தோலைச் சரிசெய்வது எல்லாம் நம் கைக்காசு. மாத்திரை விலையைப் பார்த்து நிறுத்திவிட்டு, இரத்தச் சோகையோடு வந்து நிற்பவர்கள் பெண்கள்தான் அதிகம். இன்னொன்று, வாந்தி. நாள்கணக்கில் நிற்காவிட்டால் "ஒத்துக்கொள்ளவில்லை" என்று சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்தால் மூளையே பாதிக்கும்; உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு எனக்குச் சில கிலோ திரும்பியிருக்கிறது. பலருக்கும் நடப்பதுதான், பசி மெல்லத் திரும்புகிறது, வயிறும் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. குறைந்தபோது கண்ணில் படாத உறவினர்களுக்கு ஏறியது மட்டும் உடனே பட்டுவிட்டது. எங்கள் குழுவில் இப்படி ஏறியவர்கள் முதலில் செய்வது, மருத்துவரிடம் போவதை நிறுத்துவது. திட்டுவார் என்ற பயம், வெட்கம். அவர் திட்டினால் வேறு மருத்துவரைப் பாருங்கள். எடை மூன்று நான்கு கிலோ ஏறும்போது போனால் உணவை மாற்றலாம், மருந்து சேர்க்கலாம், நெஞ்செரிச்சல் இருந்தால் எண்டோஸ்கோபி பார்க்கலாம். இருபது கிலோ ஏறியபின் போனால் பேச்சே வேறு. எனக்கு வரும் வியாழக்கிழமை முன்பதிவு இருக்கிறது. உணவியல் நிபுணரிடம் காட்ட, கொள்ளும் நெத்திலியும் சேர்த்து நானே ஓர் அட்டவணை எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.