சேர்ல உக்காந்தா பாடம் நடக்காதா?

கிளாஸ் நேரத்துல வாத்தியார் சேர்ல உக்காந்திருக்காருன்னு ஒரு போட்டோ, எல்லாரும் பாத்திருப்பீங்க, ஸ்கூல் பேரன்ட்ஸ் குரூப்ல சுத்தி என் இன்பாக்ஸுக்கே வந்துருச்சு. ஆமா, நான்தான். சேர்ல உக்காந்திருக்கேன். பாடம் நடந்துட்டு இருந்துச்சு, பின்னக் கூட்டல், போர்டுல பாதி கணக்கு அதே போட்டோவுல தெரியுது, அத யாரும் ஜூம் பண்ணல.

வென்லாஃபாக்சின்னு மனச்சோர்வு, பதட்டத்துக்கெல்லாம் குடுக்கிற ஒரு மருந்து, அத குறைச்சுட்டு வர்றேன். டாக்டர் சொல்லித்தான் ஆரம்பிச்சேன், டாக்டர் சொல்லித்தான் குறைக்கிறேன் (இதப் படிச்சுட்டு யாரும் தானா குறைக்காதீங்க சாமி). 5 மணி நேரம் வாக்குல பாதி மருந்து ரத்தத்துல இருந்து போயிரும், அதனால ஒரு வேளை தள்ளிப்போனாலே உடம்பு கணக்கு கேக்கும். தலைச்சுத்தல், குமட்டல், அப்புறம் பிரெய்ன் ஜாப்னு ஒண்ணு, தலைக்குள்ள சுருக்குனு கரண்ட் அடிக்கும். கண்ண சட்டுனு பக்கவாட்டுல திருப்பினா வரும். வாத்தியார் வேலையே அதானே? போர்டு, திரும்பி கடைசி பெஞ்ச், மறுபடி போர்டு. விழுந்து தொலைக்கக் கூடாதேன்னு உக்காந்தேன். பாடம் நடந்துச்சு.

"ஒரேயடியா நிறுத்துங்க, வில்பவர் வேணும்"னு ஒருத்தர். சார், கடைசி 37.5 மில்லிகிராம்ல இருந்து பூஜ்யத்துக்குப் போறதுதான் பெரும்பாடு, சின்ன டோஸே மூளையில பெரும்பாலான வேலையப் பாத்துரும், அதனால போகப்போக இன்னும் பொடிசாத்தான் குறைக்கணும். பிரிட்டன்ல நைஸ்னு (NICE) மருத்துவ வழிகாட்டுதல் போடற அமைப்பு 2022ல போட்டதுலயே படிப்படியா குறைங்க, சிலருக்கு விடுபடற அவஸ்தை மாசக்கணக்குல இருக்கலாம்னு இருக்கு. அவங்களுக்கும் வில்பவர் கிளாஸ் எடுங்க.

"லீவு போடலாமே." நியாயமான கேள்விதான். எத்தன மாசம்? போர்ஷன யார் முடிப்பா? வீட்ல படுத்துக்கெடந்தா எனக்கு இன்னும் மோசம், கிளாஸ்ல நிக்கிற, சரி, உக்கார்ற அந்த நேரம்தான் கொஞ்சம் மனுஷனா இருக்கேன்.

"பிள்ளைங்க பாதுகாப்பு"ன்னு எழுதினவங்களுக்கு பதில் கிடையாது.

போட்டோவுல ஓரத்துல பாதி வெட்டுப்பட்டு ஒரு பையன் நிக்கிறான்ல, அவன்தான் சேர இழுத்துப் போட்டான், "நீங்க சொல்லுங்க சார், நான் எழுதறேன்"னு. நான் கேக்கவே இல்ல.

கால்ல மாவுக்கட்டோட ஒரு டீச்சர் வந்தப்ப இதே குரூப்ல கடமையுணர்ச்சின்னு கும்பிட்டீங்க. அவங்களும் சேர்லதான் இருந்தாங்க. அவங்க பைய மாடிக்குத் தூக்கிட்டுப் போனதே நான்தான், சந்தோஷமாத்தான் தூக்கினேன்.

போட்டோ எடுத்தவரக்கூட விடுங்க, அவருக்குத் தெரியாது. ஸ்டாஃப் ரூம்ல பாதிப்பேருக்கு என் விஷயம் தெரியும், ஒருத்தராவது அந்த குரூப்ல "அவருக்கு உடம்பு சரியில்லங்க"ன்னு ஒத்த வரி போட்டிருக்கலாம்ல? போடல. ராத்திரி தனியா வந்து "டேக் கேர் சார்"னு மெசேஜ் மட்டும் வருது.