பிக் பெண்டில் ஊற்றுகளை நம்பி நடக்க வேண்டாம்

டெக்சாஸ் மாநிலத்தின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில், அவுட்டர் மவுண்டன் லூப் பாதையை மே மாதத்தில் நடப்பதற்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் ஒரு வடிகட்டியும் போதும், வழியில் ஊற்றுகள் உள்ளன என்று இங்கே நண்பர் ஒருவர் எழுதியிருப்பது ஆபத்தான தவறு. வரைபடத்தில் ஊற்று குறிக்கப்பட்டிருப்பதாலேயே அங்கே நீர் இருக்கும் என்று கொள்ள முடியாது. மழை குறைந்த காலங்களில் அவற்றில் பல வற்றிவிடுகின்றன.

இப்பாதை ஏறிச் செல்லும் சிசோஸ் மலை குளிர்ச்சியானது என்பது உண்மைதான். ஆனால், ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சுற்றின் ஒரு பகுதியான டாட்சன் பாதை நிழலே இல்லாத தாழ்நிலப் பாலைவனத்தின் வழியே செல்கிறது. கோடை மழை தொடங்கும் முன் வரும் மே, ஜூன் மாதங்களே அங்கு வெப்பம் மிகுந்தவை.

ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு லிட்டர் என்பதே பூங்கா நிர்வாகம் கூறும் அளவு. மூன்று நாள் நடைக்கு அது பன்னிரண்டு கிலோ எடை என்பதால், பலர் முன்னதாகவே காரில் சென்று, ஹோமர் வில்சன் பண்ணை அருகிலுள்ள சேமிப்புப் பெட்டியில் பெயரும் தேதியும் எழுதிய கேன்களை வைத்துவிட்டு வருகிறார்கள். இரவு தங்குவதற்கு அனுமதிச் சீட்டு கட்டாயம். அதைப் பெறும்போதே ஊற்றுகளின் அன்றைய நிலையைக் காவலர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதன்முறை செல்பவர்கள் தயவுசெய்து மே மாதத்தைத் தவிர்த்து, நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலத்தைத் தேர்ந்தெடுங்கள்.